பத்தடிச் சட்டம்

மார்ச் 4, செவ்வாய்

வெளிக்கதிர்வீச்சு முடிந்தது. இருபத்தைந்து நாள். இனி உள்ளிருந்து வைப்பார்களாம். மூன்று வியாழக்கிழமை, மூன்று தடவை. டாக்டரம்மா தாளில் படம் போட்டு விளக்கினார். கர்ப்பப்பை இது, அதன் வாய் இது, கட்டி இங்கே. கீழ்வழியாகக் குழாய்களை உள்ளே விட்டு, கட்டியை ஒட்டியே கதிர்வீச்சைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அப்போதுதான் சிறுநீர்ப்பையும் குடலும் அதிகம் வேகாது. "வேகாது" என்பது என் சொல். அவர் "பாதிக்காது" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் தவிர அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார். நாட்காட்டி, கைகழுவும் தொட்டி, மூலையில் தீயணைப்பான். முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியாகிவிட்டது. அந்த இடத்தின் பெயரைக் கேட்டால் மனுஷனுக்கு இன்னும் காது சிவக்கிறது.

உறவுக்காரர்களிடம் அவர் சொல்வது: "வயித்துல சின்னதா ஒரு பிரச்சனை." இதைக் கேட்டுவிட்டு அவருடைய சித்தப்பா, எதையும் நன்றாக மென்று சாப்பிடும்படி எனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். மென்றுகொண்டிருக்கிறேன் சித்தப்பா.

மகள் இருபதாம் தேதி வருகிறாள். எட்டாவது மாதம். பிரசவம் இங்கேதான், பிறகு இரண்டு மாதம் எங்களோடுதான். மருந்து ஏற்றிய நாட்களில் வாந்தி எடுத்துக்கொண்டே நான் எண்ணிக்கொண்டிருந்தது இந்தத் தேதியைத்தான்.

மார்ச் 6, வியாழன்

முதல் தடவை முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கென்று ஒன்றும் இல்லாமல் போனது. கால்களைத் தூக்கிக் கட்டினார்கள். நடுவில் ஒரு நீளக் குழாய், இரண்டு பக்கமும் இரண்டு குழாய். அவை நகராமலிருக்கத் துணிச்சுருளை அடைத்தார்கள், அடைத்தார்கள், அடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குப் போகும்போது நான் பெட்டி அடுக்குவது இப்படித்தான்.

பிறகு ஸ்கேன். பிறகு அசையாமல் படுத்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரம். கணக்குப் போடுகிறார்களாம். கூரையில் எண்பத்து நான்கு அட்டைகள், அதில் ஒன்றில் நீர்க்கறை.

கணக்குப் போடும் பெண் வந்து பேசினாள். கழுத்து அட்டையில் நீளமாக ஏதோ பதவி போட்டிருக்கிறது; நான் கணக்கம்மா என்று வைத்துக்கொண்டேன். ஒரு கம்பியின் நுனியில் அரிசி மணி அளவுக்குக் கதிர்வீச்சுப் பொருள் இருக்கிறதாம். இயந்திரம் அதைக் குழாய்க்குள் அனுப்பும். ஒவ்வொரு இடத்திலும் நிற்கும், இங்கே பன்னிரண்டு நொடி, அங்கே இருபது நொடி என்று. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் டெப்போவில் இருபத்தாறு வருடமாக நான் போடுவது இதைத்தானே! எந்த நிறுத்தத்தில் எந்த வண்டி எத்தனை நிமிடம். "மொத்தம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். ஆறு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. இதைக் கேட்ட முதல் நோயாளி நான்தானாம்.

பிறகு எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். கதவு மூடியது. சுவர் கனத்துக்கு ஒரு கதவு. என்னிடம் மட்டும், "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஒன்றும் ஆகாததற்கு ஏன் இந்த ஓட்டம்? மேலே கேமரா. ஒலிபெருக்கியில் சிஸ்டர், "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். ரொம்ப நல்லா இருக்கேன், டீ அனுப்புங்க என்றேன். கிளிக், கிளிக் என்று சத்தம். நான் எண்ணினேன். ஆறு ஐம்பத்தைந்து வந்தது. மூன்று நொடி என் பிழை.

அதற்குள் முதுகு ஊசியின் மரப்பு விட்டிருந்தது. துணிச்சுருளை உருவியபோது வலித்த வலிக்கு டெப்போவில் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தைகளில் பாதியை விட்டுவிட்டேன். மீதியை அடுத்த வியாழனுக்கு வைத்திருக்கிறேன்.

வரும்போது சிஸ்டரிடம் கேட்டேன், வீட்டில் யாரையாவது தொடலாமா என்று. "தாராளமா. கம்பி திரும்ப டப்பாக்குள்ள போயிடுச்சு. உங்க உடம்புல ஒண்ணும் மிச்சம் இல்லை" என்றாள். அதையே அச்சிட்ட தாளும் ஒன்று கொடுத்தாள்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் சட்டம் வந்துவிட்டது.

போட்டவர் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. பெண்கள் விடுதியில் இருபத்தெட்டு வருடம் வார்டன். ஓய்வு பெற்று எங்களோடு இருக்க வந்து ஆறு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற விஷயம் விடுதிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

வார்டன் கைபேசியில் ஏதோ படித்திருக்கிறார். கதிர்வீச்சுப் பொருளை நாள்கணக்கில் உள்ளேயே வைத்திருப்பார்கள், பார்க்க வருகிறவர்கள் தள்ளி நிற்க வேண்டும், கர்ப்பிணிகள் வரவே கூடாது. அது வேறு முறை. பழைய முறை. இதெல்லாம் வார்டனுக்கு எதற்கு? மகளுடைய பழைய அறையில் இருந்த தன் பெட்டிகளை அப்புறப்படுத்தி, எனக்குப் படுக்கை போட்டு, அந்த வாசலிலிருந்து அளவு நாடாவால் அளந்து, நடையில் குறுக்கே சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டார்.

"பத்தடி. மூணு வாரத்துக்கு யாரும் இதைத் தாண்டக் கூடாது. தட்டு தனி, வாளி தனி. தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

தம்பி தலையாட்டினார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். தாள் கைப்பையில்தான் இருந்தது. அப்போது அந்த அறையைப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

வாயை மூடிக்கொண்டேன். தாளைத் தலையணை உறைக்குள் செருகினேன்.

மார்ச் 8, சனி

காலை ஒன்பதரை வரை தூங்கினேன். "காபிப்பொடி எங்கே?" என்று யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கதிர்வீச்சு என்பது அபூர்வமான மருந்து. என்னிடம் இல்லாத கதிர்வீச்சே இவ்வளவு வேலை செய்கிறதே!

விசாரிக்க வருகிறவர்கள் வருவதில்லை, தொலைபேசியோடு சரி. தலைவலி என்று சொல்லி அதையும் வைத்துவிடலாம். துவைப்பது இல்லை, சமைப்பது இல்லை. வார்டன் டேப்புக்கு அந்தப் பக்கம் நின்று விதிமுறை படிக்கிறார், நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வீட்டுக்காரர் டேப் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு அதில் தட்டை வைத்துவிட்டு, நாலடி பின்வாங்கி நின்று, நான் எடுக்கிறேனா என்று பார்க்கிறார். கூண்டில் இருப்பது நானா அவரா என்று யாராவது சொன்னால் தேவலை.

சாப்பாட்டில் உப்பு இல்லை. பரவாயில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது, "போக்கா, அவ என் பொண்டாட்டி" என்று அந்த டேப்பைத் தாண்டத் தோன்ற வேண்டாமா இந்த மனுஷனுக்கு? தாண்டினால் எனக்குத்தான் தூக்கம் போகும். ஆனாலும்.

மார்ச் 11, செவ்வாய்

மகள் பேசினாள்.

"அம்மா, அத்தை சொன்னாங்க. இப்ப அங்க வந்தா குழந்தைக்கு ஆபத்தாமே? இவரும் பயப்படறார். டாக்டர் என்ன சொல்றாங்க?"

இதற்கு ஒரு வரி போதும். அதெல்லாம் ஒன்றும் இல்லை, வா என்று. டேப்புக்கு அந்தப் பக்கம் வார்டன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் ஐந்து நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். தாழ்ப்பாள் போகும். பெட்டிகள் திரும்ப வரும்.

"வியாழக்கிழமை கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ரெண்டு நாள்தானே, ரெண்டு நாளில் என்ன ஆகிவிடும் — இப்படித்தான் டெப்போவில் ஓட்டுநர்களும் சொல்வார்கள். ரெண்டு நிமிஷம்தானே மேடம் என்று. நான் விடுவேனா? எழுதி வாங்கிவிட்டுத்தான் விடுவேன்.

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது தடவை. ஏழு நிமிடம் இருபது நொடி.

கணக்கம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "போன வாரம் ஆறு ஐம்பத்திரண்டு. இந்த வாரம் ஏன் கூட? என்ன தப்பு நடந்தது?" கால் இரண்டும் அந்தரத்தில் கட்டியிருக்க, நான் விசாரணை நடத்தினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: அந்த அரிசி மணி நாளுக்கு நாள் சக்தி குறைந்துகொண்டே வரும்; இரண்டரை மாதத்தில் பாதியாகிவிடும். அதே வேலையைச் செய்ய அதிக நேரம் நிற்க வேண்டும். சரிதான். என் வீட்டுக்காரரும் ஒரு பல்பு மாற்ற இப்போது அரை நாள் எடுத்துக்கொள்கிறார்.

எல்லாம் முடிந்து கதவு திறந்ததும் சிஸ்டர்தான் முதலில் உள்ளே வந்தாள். இத்தனை நாள் பூசினாற்போல் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அவளுடைய அங்கியில் இரண்டு சிறிய அட்டைகள், ஒன்று நெஞ்சில், ஒன்று வயிற்றில். கதிர்வீச்சு பட்டால் காட்டிக்கொடுக்கும் அட்டைகள். வயிற்றில் இருப்பது குழந்தைக்காம். ஏழாவது மாதம்.

அந்த வயிறு என் பாதத்தில் இடிக்க இடிக்க நின்று, என் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, துணிச்சுருளை உருவினாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முடிஞ்சுது, முடிஞ்சுது." பத்தடி இல்லை, பத்து அங்குலம்கூட இல்லை. உள்ளேயிருந்து அது ஒரு உதை விட்டது, என் கட்டைவிரலில். அவள் சிரித்தாள்.

மீதி வைத்திருந்த கெட்ட வார்த்தைகளாலெல்லாம் என்னையே திட்டித் தீர்த்தேன், வாய்க்குள்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று மாலை மயக்கம் தெளியவில்லை. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் இங்கேயே இருந்துடறேன்மா. அத்தைம்மாவும் அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க. இங்க ஆஸ்பத்திரியிலயே பேர் கொடுத்தாச்சு."

அத்தைம்மா அவள் மாமியார். நல்ல மனுஷி. அதுதான் வயிற்றெரிச்சல்.

சொன்னேன். எல்லாவற்றையும் அவசர அவசரமாக. ஒன்றும் ஆகாது, உடம்பில் ஒன்றும் இல்லை, முதல் நாளே தாள் கொடுத்தார்கள் என்று.

"முதல் நாளேவா?" என்றாள். "அப்ப செவ்வாய்க்கிழமை ஏன் கேட்டுச் சொல்றேன்னே?"

அது வந்துடி என்று இழுத்தேன்.

"என்னை வரவைக்கறதுக்காகச் சொல்றியாம்மா?"

இல்லடி, செவ்வாய்க்கிழமைதான்டி நான் பொய் சொன்னேன், இப்பத்தான் நிஜம் சொல்றேன் — இதைப் போய் எப்படிச் சொல்வது? வைத்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

டேப்பைத் தாண்டிப் போய் கூடத்தில் நின்றேன். வார்டன் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க அண்ணி. ஒண்ணும் பத்திக்காது" என்று தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகம் தொங்கிப்போனது. எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. "எனக்கு ஏன் சொல்லலை? நான் என்னத்துக்கு இவ்வளவும் செஞ்சேன்? குழந்தைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதேன்னுதானே?" என்றார். வார்டனுக்குக் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்காரர் தாளை வாங்கவில்லை. "பார்த்தேன்" என்றார்.

"எப்ப?"

"நீ குளிக்கப் போனப்ப. சனிக்கிழமை. தலையணை உறை மாத்தலாம்னு உள்ள வந்தேன்."

சனிக்கிழமை! முழுசாக ஒரு வாரம்! தெரிந்துகொண்டே முக்காலியில் தட்டு வைத்து நாலடி பின்வாங்கியிருக்கிறார் நடிகர் திலகம்.

"ஏங்க சொல்லலை?"

"நீ தாழ்ப்பாள் போட்டுட்டு குறட்டை விட்டே. நடையில நின்னா கேக்கும். நீ குறட்டை விட்டு எத்தனை வருஷமாச்சு. கலைக்க வேணாம்னு விட்டுட்டேன்."

அழுகை வந்தது. அதோடு சேர்ந்தே கோபமும் வந்தது. "என்கிட்ட சொல்ல வேணாம். மகள்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்."

அவர் நினைத்தார். நான் ஒத்திப்போட்டேன். வார்டன் அளந்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

மார்ச் 20, வியாழன்

மூன்றாவது, கடைசி. ஏழு நிமிடம் ஐம்பது நொடி. நான் எண்ணியதும் அதேதான், ஒரு நொடி பிசகவில்லை.

தொடங்குவதற்கு முன் சிஸ்டரிடம் என் குட்டையெல்லாம் உடைத்துவிட்டேன். அவள் என் கைபேசியை வாங்கி மகளிடம் பேசினாள். "எனக்கே ஏழாவது மாசம்ங்க. உங்கம்மா முட்டியைப் பிடிச்சுட்டுதான் ஒவ்வொரு தடவையும் நிக்கிறேன். தாராளமா வாங்க." பிறகு என்னிடம் கொடுத்தாள்.

"கதிர்வீச்சு இல்லைன்னு நம்பறேன்மா. உன்னைத்தான் நம்ப முடியலை" என்றாள் மகள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர்கள் அடைத்ததும் உருவியதும் பெரிதாகத் தெரியவில்லை.

வெளியே வரும்போது சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கையில் கொடுத்தாள். உள்ளே தசை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, புண் ஆறியதும் வாரத்துக்கு மூன்று தடவை, பத்து நிமிடம் வைக்க வேண்டுமாம். "இல்லேன்னா கணவரோட சேர்ந்தும் இருக்கலாம், அதுவும் பயிற்சிதான்" என்று உரக்கச் சொன்னாள். வீட்டுக்காரர் சுவரில் இருந்த தீயணைப்பானைப் பயன்படுத்தும் முறையை மறுபடியும் படித்தார். இந்நேரம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். எங்கே தீப்பிடித்தாலும் கவலையில்லை.

மார்ச் 21, வெள்ளி

மகளுக்கு எழுதி அனுப்பினேன். பேசினால் சாக்குச் சொல்லிவிடுவேன்.

"யாரும் கூப்பிடாத அறையில் ஒரு வாரம் தூங்க ஆசைப்பட்டேன். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். நீ வராமல் போவாய் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது, அத்தையுடையது இல்லை."

படித்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 29, சனி

பதில் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெண் குழந்தை. மருமகன் படம் அனுப்பினார். முகம் சுருங்கி, கோபமாக இருக்கிறாள். நியாயம்தான்.

வார்டன் அந்தப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவரும் ஒரு மாதமாக யாரையும் அதட்டவில்லை. வீடே யாருடைய வீடோ போல இருக்கிறது. நான் அந்த அறையில்தான் படுக்கிறேன். பெட்டிகளை அவர் திரும்பக் கொண்டுவரவில்லை. தாழ்ப்பாள் போடுவதில்லை நான், தூக்கமும் வருவதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வாசற்படியில் நின்றுவிட்டேன், கால் உள்ளே போகவில்லை. மகள் பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள். வாங்க! எனக்கு மரியாதை கொடுக்கிறாள். குழந்தை அவள் மாமியார் கையில் இருந்தது. எனக்குக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், கொடுத்துவிட்டேன். விருந்தாளி மாதிரி.

மே 6, செவ்வாய்

டெப்போவில் இருந்தேன், வேலைக்குத் திரும்பிய இரண்டாவது நாள். வண்டிகள் எல்லாம் தாமதம். நான் இல்லாத ஏழு மாதத்தில் அட்டவணை என்ற ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறார்கள். ஒருவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது.

மகள். பின்னால் குழந்தை வீறிடுகிறது. கூடவே ஏழெட்டுக் குரல்கள்: பசிக்குது, இல்லை வயித்து வலி, இல்லை திருஷ்டி, என்கிட்ட கொடு, அப்படிப் பிடிக்காதே.

"அம்மா" என்றாள். "ரெண்டு வாரமா பார்க்க வர்றாங்க, பார்க்க வர்றாங்க, வந்துட்டே இருக்காங்க. கண்ணை மூடினா எழுப்பறாங்க."

"ம்."

"அந்த ரூம்ல தாழ்ப்பாள் இன்னும் இருக்கா?"

மே 18, ஞாயிறு

மகளும் குழந்தையும் வந்து மூன்று நாள் ஆகிறது. ஜூன் பன்னிரண்டில் எனக்கு ஸ்கேன். கட்டி கரைந்ததா இல்லையா என்று அன்றைக்குத்தான் தெரியும். தெரியட்டும்.

இன்று காலை பத்து மணிக்கு மகள் கதவைத் திறந்தாள். தலையெல்லாம் கலைந்து, கண் இரண்டும் உள்ளே போய். குழந்தையை என் தோளில் சாய்த்தாள்.

"பிடிம்மா. பால் கொடுத்தாச்சு. நான் தூங்கணும்."

"தூங்குடி."

"யாரையும் விடாதே."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

டேப் இன்னும் நடையில் அப்படியேதான் இருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் பெயர்ந்திருக்கிறது. முக்காலியை இழுத்து அதன் மேல் போட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் வார்டன் வந்தார், கையில் துண்டும் எண்ணெயும். பழைய குரல் திரும்பிவிட்டது.

"குளிப்பாட்டற நேரம். அவளை எழுப்பு. இப்படி நினைச்ச நேரத்துக்குத் தூங்கினா எப்படி?"

"பத்தடி அண்ணி" என்றேன்.

டேப்பைப் பார்த்தார். தானே அளந்து தானே ஒட்டியது. ஒரு கால் அதன் மேல் பட்டிருந்தது. அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவ எழுந்திருக்கிற வரைக்கும்."

துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் சமையலறையில் எதையோ கீழே போட்டார். இருவரும் ஒன்றாகத் திரும்பி அவரை முறைத்தோம்.

இடது தோளில் இவள். வலது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக. மணி ஒன்றேகால். உள்ளே குறட்டை கேட்கிறது. அப்படியே என் குறட்டை.